கிளேமோர் அனிமே பாத்தவங்க வாங்க, எது புடிச்சது எது கடுப்பாச்சுன்னு பேசலாம் (ஸ்பாய்லர் இருக்கு)

மழைக்கோட்டு:

ஸ்பாய்லர்னு தலைப்புலயே போட்டுட்டேன், அப்புறம் வந்து திட்டாதீங்க. 2007ல மேட்ஹவுஸ் ஸ்டுடியோ எடுத்த 26 எபிசோட் ஜப்பான் கார்ட்டூன் சீரிஸ், நோரிஹிரோ யாகியோட மங்காவ (காமிக்ஸ்) வச்சு பண்ணது. டார்க் ஃபேண்டஸின்னு பேச்சு வந்தாலே நம்மாளுங்க பெர்செர்க்க சொல்லிட்டு அதோட நிறுத்திக்கிறாங்க, இத யாரும் சீண்டறதே இல்ல.

எனக்கு இந்த சீரிஸ் மேல இருக்கற பெரிய புகாரே அஞ்சாவது எபிசோட்ல இருந்து எட்டாவது வரைக்கும் வர்ற தெரேசா கதைதான். மோசமா இருக்குன்னு சொல்லல, ரொம்ப நல்லா இருக்கு, பிரச்சனையே அதான். அந்த நாலு எபிசோட பாத்துட்டா மிச்சத்த பாக்கும்போது மனசு அதையே தேடுது.

பாக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். யோமான்னு ஒரு ஜென்மம், மனுஷன தின்னுட்டு அவன் உருவத்துலயே ஊருக்குள்ள திரியும், வீட்ல இருக்கறவங்களுக்கே தெரியாது. அத கொல்றதுக்கு ஒரு அமைப்பு, பொண்ணுங்க உடம்புல யோமா சதைய வச்சு பாதி யோமாவா மாத்தி, கைல பெரிய வாள குடுத்து அனுப்பும். வேலை முடிஞ்சதும் கறுப்பு ட்ரெஸ் போட்ட ஒரு ஆள் வந்து காசு வாங்கிட்டு போவான். காசு குடுக்கலன்னா அடுத்த தடவ அந்த ஊர்ல யோமா வந்தா யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. வீராங்கனைங்களுக்கு பேரவிட நம்பர்தான் பெருசு, நம்ம ஹீரோயின் கிளேர் நம்பர் 47, அதாவது கடைசி.

இதுல அடிச்சுக்கவே முடியாத விஷயம் அந்த சக்தி கணக்கு. உள்ள இருக்கற யோமா சக்திய 10 சதவீதம் எடுத்தா கண்ணு தங்க நிறமா மாறும், 30க்கு மூஞ்சி கோணும், 50க்கு உடம்பே மாறும், 80தான் எல்லை, அத தாண்டிட்டா ராட்சசியா மாறி திரும்ப வர முடியாது. மத்த சீரிஸ்ல ஹீரோ கத்தி கத்தி பவர் ஏத்துனா நமக்கு குஷியா இருக்கும், இங்க கிளேர் கண்ணு மாறுனாலே வயித்த பெசையும். ரெண்டாவது எபிசோட்லயே கறுப்பு சீட்டு ஒண்ணு வரும். எல்லை தாண்டப் போறோம்னு தெரிஞ்சா, தன்ன யார் கொல்லணும்னு ஆசப்படறாளோ அவளுக்கு அத அனுப்பணும். கிளேருக்கு வர்ற சீட்டு அவளோட பழைய தோழி எலேனாகிட்ட இருந்து. சீரிஸ் ஆரம்பிச்சு ரெண்டாவது எபிசோட்லயே இத வைக்கறாங்க, என்ன தைரியம் பாருங்க.

அப்புறம் தெரேசா. அந்தக் காலத்து நம்பர் 1, லேசா சிரிச்சுக்கிட்டே யோமாவ வெட்டுவா. யோமாகிட்ட மாட்டி சித்ரவதப்பட்டு பேச்சே வராம போன ஒரு சின்னப் பொண்ணு, அதான் குட்டி கிளேர், இவ பின்னாடியே வரும். தெரேசா ஒதைப்பா, வெரட்டுவா, திரும்பியும் வரும். கடைசில அந்தப் பொண்ணுக்காக கொள்ளக்காரங்கள வெட்டிடறா, மனுஷன கொல்லக்கூடாதுங்கற சட்டம் அங்க ஒடையுது, அமைப்பு ஆள் அனுப்புது. அதுல ஒருத்தி பிரிசில்லா. சண்டைல அவ தெரியாமயே எல்லை தாண்டிப் போய், ‘என்ன கொன்னுடு’ன்னு அழுது கெஞ்சுவா, தெரேசா வெட்டப் போற அந்த நேரத்துல... அவ்ளோதான், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். அதுக்கப்புறம் அந்தக் குட்டிப் பொண்ணு தெரேசாவோட தலைய தூக்கிட்டு அந்த கறுப்பு ட்ரெஸ்காரன்கிட்ட போய், இவ சதைய எனக்குள்ள வைன்னு கேக்கும் பாருங்க. நான் லேப்டாப்ப மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

சரி, அதுக்கு அடுத்து என்ன பண்றாங்க? நம்மள திரும்ப ராக்கிகிட்ட கொண்டு வந்து விடறாங்க. கிளேர் கூட சுத்தற பையன், சமையல்காரன்னு கூட்டிட்டு வருவா. பாவம் நல்ல பையன்தான், ஆனா அவன் ‘கிளேர்ர்ர்’னு கத்தும்போதெல்லாம் வால்யூம கொறைக்க வேண்டியிருந்துச்சு.

சண்டைங்களும் முழுசா திருப்தி இல்ல. கத பரபரன்னு இருக்கும்போது படம் நின்னுடும், ஒரு வெள்ளைக் கோடு, ஒரு ஃப்ளாஷ், பக்கத்துல நிக்கறவ ‘அவளோட வேகம் எப்படி’ன்னு வெளக்கம் குடுப்பா. ஐரீன்னு ஒரு வீராங்கனையோட வேகவாள் டெக்னிக்கே கண்ணுக்கு தெரியாத வேகம்தான், வரையற ஆளுக்கு செம வசதி.

உங்களுக்கு எப்படி இருந்துச்சு? சொல்லுங்க.

—

தூங்காமூஞ்சி:

தெரேசா விஷயத்துல நீங்க சொல்றது சரிதான் ப்ரோ, ஆனா அதோட முடிஞ்சு போச்சுன்ற மாதிரி சொல்றது அநியாயம். பியட்டாவ விட்டுட்டீங்க. வடக்குல அந்தப் பனி ஊருக்கு 24 பேர சாகறதுக்குன்னே அனுப்பறாங்கல்ல, எனக்கு அதான் உச்சம்.

குறிப்பா அதுல வர்ற அண்டீன்ங்கற வீராங்கனை. ரெண்டு வாள் வச்சுக்கிட்டு பாடிபில்டர் மாதிரி இருப்பா, எல்லாரையும் அதட்டுவா, எனக்கு முதல்ல சுத்தமா புடிக்கல. ஒரு ராத்திரி தனியா உக்காந்து அழுதுட்டு இருப்பா, கூட இருக்கற இன்னொரு வீராங்கனை டெனேவ் பாத்துடுவா. பாத்தா ஒல்லியா ஒரு பொண்ணு, அந்த ஒடம்பெல்லாம் சக்திய வச்சு ஊதிப் பெருசாக்கினது, ரெண்டாவது வாள் செத்துப்போன தோழியோடது. அடுத்த சண்டைல எல்லை தாண்டி ராட்சசனா மாறின ரிகால்டோ வந்து கேப்டன்கள ஒவ்வொருத்தரா சாய்க்கும்போது அண்டீனும் போயிடறா, டெனேவ் அந்த வாள எடுத்துக்குவா. மொத்தமா ஒரு அஞ்சு நிமிஷம் சீன் இருக்குமா, அதுக்குள்ள ஒரு ஆள முழுசா காட்டிட்டாங்க.

ஒரு கொறை சொல்லணும்னா அங்கயே சொல்றேன், எல்லாருக்கும் ஒரே வெள்ளி கண்ணு, வெளிறின முடி, ஒரே யூனிஃபார்ம். யார் செத்தான்னு தெரியாம பின்னாடி ஓட்டி ஓட்டி பாத்தேன். முடிய வெட்டியிருக்கற ஸ்டைல வச்சுதான் அடையாளம் கண்டுபுடிக்கணும். மங்காவுலயும் இதே கததான்.

—

கறிவேப்பிலை:

நான் தங்கச்சியோட பாத்தேன். அவளுக்கு இந்த மாதிரி ரத்தம் தெறிக்கறதெல்லாம் ஆகாது, ஆனா இத விடாம பாத்தா. காரணம் அவளே சொன்னா, முக்காவாசி பேர் பொண்ணுங்க, யாரையும் கேமரா அசிங்கமா காட்டல, சண்டை போட வந்தவங்களா மட்டும் காட்டுது. இந்த ரகத்துல அது எவ்ளோ அபூர்வம்னு உங்களுக்கே தெரியும்.

எங்க ரெண்டு பேருக்கும் மறக்க முடியாதது ஒஃபேலியாங்கற வீராங்கனை. அவ ஒரு சைக்கோ, ராக்கிய வச்சு கிளேர மெரட்டி வெளையாடுவா, செத்தா தேவலன்னு இருக்கும். அப்புறம் அவளே எல்லை தாண்டி மாறிடறா, ஆனா அது அவளுக்குத் தெரியாது, தண்ணில தன் முகத்த பாத்துதான் புரிஞ்சுக்குவா. நீளமா பாம்பு மாதிரி ஆன தன் ஒடம்பு மேல ஓடி வந்து தலைய வெட்டு பாக்கலாம்னு கிளேருக்கே சவால் விடுவா. அவ சாகணும்னு சொல்லிட்டு இருந்த தங்கச்சி அப்ப கண்ண தொடச்சுக்கிட்டு இருந்தா.

ராக்கிய ஓவரா திட்டாதீங்க அண்ணா, அவன் இல்லன்னா கிளேர் பக்கத்துல மனுஷ வாடையே இல்ல. கத்தறது மட்டும் கொஞ்சம் ஓவர், ஒத்துக்கறேன்.

—

பழைய பேப்பர்:

எல்லாரும் முக்கியமான விஷயத்த தொடாம போறீங்களே, கிளைமாக்ஸ்! அப்ப மங்கா முடியல, அது 2001ல ஆரம்பிச்சு 2014 வரைக்கும் 27 வால்யூம் போச்சு, அனிமே பாதி வழியிலயே நிக்கணும். நின்னிருந்தா கூட பரவால்ல, சொந்தமா ஒரு முடிவு எழுதுனாங்க. பியட்டாவுக்கு அப்புறம் கிளேர் நேரா பிரிசில்லாகிட்ட போறா, எரிமலை, சண்டை, கொல்லப் போற நேரத்துல ராக்கி வந்து தடுக்கறான், இவளும் விட்டுடறா. இருபது எபிசோடுக்கு மேல பழிவாங்கறதுக்காகவே உசுர வச்சுட்டு இருந்தவ! தெரேசா தலைய தூக்கிட்டு நடந்த பொண்ணு இதுன்னு நம்பவே முடியல. அத விட கொடும, கிளேரோட சக வீராங்கனை ஜீன அந்த முடிவுக்காக சாகடிச்சது.

பழிய விடறதும் ஒரு நல்ல கதைதான், இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கு அடித்தளம் போட்டிருக்கணும்ல? கடைசி ரெண்டு எபிசோட்ல திடீர்னு கொண்டு வந்தா எப்படி.

மங்கால பியட்டாவுக்கு அப்புறம் ஏழு வருஷம் தாண்டிப் போகும், அந்த அமைப்பு ஏன் இதெல்லாம் பண்ணுதுன்னு அதுக்கப்புறம்தான் தெரிய வரும். அது தெரியாம இந்த சீரிஸ எடை போடறதே கஷ்டம்.

—

மழைக்கோட்டு:

@பழைய பேப்பர் எரிமலை சீன் பாக்கும்போது நானும் இதான் கத்துனேன் ப்ரோ. @தூங்காமூஞ்சி அண்டீன் பத்தி நீங்க எழுதுனத படிச்சிட்டு அந்த எபிசோட திரும்ப போட்டேன், சரிதான், தெரேசாவுக்கு பக்கத்துல வைக்கலாம். மேல வைக்க மாட்டேன்.

புதுசா பாக்கப் போறவங்களுக்கு: ரிகால்டோ சண்டை முடிஞ்சதும் அனிமேவ நிறுத்திட்டு அங்கருந்து மங்காவுக்கு போயிடுங்க. மங்காவோட கடைசி பக்கத்துல யார் வர்றாங்கன்னு இங்க யாரும் சொல்லாதீங்க ப்ளீஸ், தலைப்புல போட்ட ஸ்பாய்லர் எச்சரிக்கை அனிமேவுக்கு மட்டும்தான்.