மறு: ட்ரோலிங் மோட்டார் பழுதுநீக்கக் கையேடு – முறிபின், தடைச்சுருள், இன்ன பிற

நண்பர்களே,

சிறு மீன்பிடிப் படகில் மாட்டும், பேட்டரியில் ஓடும் ட்ரோலிங் மோட்டாருக்கான பழுதுநீக்கக் கையேட்டைத் தமிழில் எழுத நாம் போட்டுவரும் சொற்பட்டியல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ட்ரோலிங் மோட்டார் = இழுவை மோட்டார் என்று வைத்துவிட்டு மேலே போகலாமே, இதில் என்ன இருக்கிறது?

இருக்கிறது. இழுவை மோட்டார் என்பது ரயில் எஞ்சினின் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்கு எப்போதோ போய்விட்ட பெயர். மீன்பிடிப் பக்கம் வந்தால் இன்னும் சிக்கல். இழுவலை, இழுவைப் படகு எல்லாம் பெரிய வலையை இழுத்துக்கொண்டு போகும் வேறொரு தொழிலைச் சேர்ந்தவை. ட்ரோலிங் என்பது மெதுவாக நகரும் படகுக்குப் பின்னால் தூண்டில் நரம்பில் இரையை ஓடவிட்டு மீனை ஏமாற்றுவது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒரே ‘இழு’வுக்குள் அடைத்தால், கையேட்டைத் தேடுகிறவருக்கு இழுவைப் படகு பற்றிய கட்டுரைதான் கிடைக்கும். ‘ட்ரோலிங்’ என்று அப்படியே விட்டாலோ இணையத்தில் வம்பிழுப்பது பற்றி வரும். (வம்பிழுவை மோட்டார் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.)

போன மடலில் ஒருவர் ‘மின்துடுப்பு’ என்று சொன்னார், எனக்கு அது பிடித்திருக்கிறது. இந்தக் கருவி செய்யும் வேலை அதுதானே. 1934-இல் அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் ஒரு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து இதைச் செய்தார் என்கிறார்கள், அதிலிருந்து வளர்ந்ததுதான் மின் கோட்டா நிறுவனம். (அந்த ‘மின்’ மின்சாரமல்ல, மின்னசோட்டாவின் முதல் பாதி. தமிழில் எழுதினால் வம்பு தானாகவே வந்து சேர்கிறது.) இன்றைக்கும் இதை வாங்குகிறவர்களில் பலர் ட்ரோலிங் செய்வதே இல்லை, சத்தம் போடாமல் கரையோரம் நகரவும், காற்றடிக்கும்போது படகை ஒரே இடத்தில் பிடித்து வைக்கவும்தான் வாங்குகிறார்கள். துடுப்பு போட்டுச் செய்த வேலை.

> அப்படியென்றால் மின்சாரத்தில் ஓடும் அவுட்போர்டு எஞ்சினும் மின்துடுப்பா?

நியாயமான கேள்வி. அவுட்போர்டு என்பது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின், அதற்கு ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்று ஏற்கெனவே சொல் இருக்கிறது, முன்னால் ‘மின்’ சேர்த்தால் போதும். இரண்டுக்கும் வேறுபாடும் தெளிவானது. அவுட்போர்டைக் குதிரைத்திறனிலோ கிலோவாட்டிலோ விற்பார்கள், மின்துடுப்பைப் பெரும்பாலும் உந்துவிசையில், அதுவும் பவுண்டுக் கணக்கில். 12 வோல்ட்டில் ஓடுபவை பொதுவாக 55 பவுண்டு வரைக்கும், அதாவது சுமார் 245 நியூட்டன். அதற்கு மேல் வேண்டுமென்றால் 24, 36 வோல்ட்டுக்குப் போகவேண்டும்.

சரி, இதை இத்துடன் விடுகிறேன். தலைப்பில் என்ன பெயர் போட்டாலும் மோட்டாரைக் கையில் வைத்திருப்பவருக்கு அது என்னவென்று தெரியும். உள்ளே இருக்கும் உதிரிபாகங்களின் பெயரில்தான் தப்பு நடந்தால் காசு போகும். அதனால் ஒவ்வொரு சொல்லையும் ஒரு பழுது வாக்கியத்தில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஆடும் படகில், ஈரக் கையோடு, மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு படிக்கிறவரின் கை சரியான இடத்துக்குப் போகிறதா? போனால் சொல் தேறியது.

முதலில் ஷியர் பின். மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, படகு நகரவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். ப்ரொப்பெல்லரை, அதாவது விசிறியை, தண்டோடு கோத்திருக்கும் சிறிய உலோகத் துண்டு. கல்லிலோ கட்டையிலோ விசிறி இடித்தால் தண்டு வளையாமல் இருப்பதற்காகத் தான் முறிந்துகொள்ளும். பட்டியலில் ‘நறுக்கு ஆணி’ என்று இருக்கிறது. ஷியர் என்ற சொல்லுக்கு அகராதி பார்த்து எழுதியிருக்கிறார்கள், படித்தால் எதையோ நறுக்கும் கருவி என்றுதான் படுகிறது. ‘முறியாணி’ என்று இன்னொரு பரிந்துரை. கருத்து சரி, ஆனால் புணர்ச்சி கெடுத்துவிட்டது. முறி + ஆணி என்று நாம் எழுதினாலும் படிப்பவர் ‘முறியா ஆணி’ என்றுதான் பிரிப்பார், முறியவே முறியாத ஆணி! ‘உடையாணி’க்கும் இதே கதி. இங்கே அர்த்தம் தலைகீழானால் வேடிக்கையோடு போகாது. பின் அடிக்கடி முறிகிறதே என்று கடினமான எஃகுப் போல்ட்டை வெட்டிச் செருகுகிறவர்கள் உண்டு, அடுத்த இடியில் வளைவது தண்டு. பிறகு மோட்டாரையே பிரிக்கவேண்டியதுதான். ‘காப்பாணி’ அழகாக இருக்கிறது என்றாலும் அது முறியவேண்டியது என்பதைச் சொல்லவில்லை. என் வாக்கு ‘முறிபின்’னுக்கு. பின் என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல், வல்லினம் மிகாமல் ஊறுகாய் போல வினைத்தொகையாக நிற்கும், பிரித்துப் படிக்க வேறு வழியுமில்லை. ‘முறிபின் முறிந்திருந்தால் அதே உலோகத்தில், அதே தடிமனில் மாற்றவும்’ என்று எழுதிப் பாருங்கள், தடுக்காமல் போகிறது.

இன்னொரு வசதி, சர்க்யூட் பிரேக்கரை ‘மின்சுற்று முறிப்பான்’ என்று படித்தவர்களுக்கு இரண்டும் ஒரே குடும்பம் என்று உடனே புரியும். பின் தண்டைக் காக்கிறது, முறிப்பான் வயரைக் காக்கிறது. 12 வோல்ட் 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் பக்கம் இழுக்கும், அதனால் பேட்டரிக்கு அருகிலேயே பொருத்தமான முறிப்பான் இருந்தாகவேண்டும். அது அடிக்கடி ட்ரிப் ஆகி விழுந்தால் பெரியதாக ஒன்றை மாட்டுவது, முறிபின்னுக்குப் பதில் எஃகுப் போல்ட் செருகுவதற்குச் சமம். விசிறியில் பாசியோ நரம்போ சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து ஸ்பீடு காயில். ‘வேகச்சுருள்’ என்கிறார்கள். தவறில்லை, ஆனால் அது என்ன செய்கிறது என்று பெயரில் தெரியவில்லை. ஐந்து வேகம் என்று பொத்தான் வைத்த மாடல்களில், பல மாடல்களில் நீருக்குள் இருக்கும் அடிக்கூட்டிலேயே, தடைக்கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். குறைந்த வேகங்களில் மின்னோட்டம் அதன் வழியாகப் போய் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும், அந்த வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். முழு வேகத்தில் சுருளைத் தொடாமல் மின்னோட்டம் நேராக மோட்டாருக்குப் போகும். ஆகவே ‘மற்ற வேகங்கள் வேலை செய்யவில்லை, கடைசி வேகம் மட்டும் ஓடுகிறது’ என்றால் சந்தேகம் சுருள் மேலும் சுவிட்ச் மேலும்தான், பேட்டரியை மாற்றிப் பயனில்லை. ‘தடைச்சுருள்’ என்று எழுதினால் இந்தக் காரணம் முழுக்கச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, மீட்டரில் எதை அளப்பது என்றுகூடச் சொல்லிவிடுகிறது. கரையில் வைத்துக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டிப் பார்க்காதீர்கள் என்பதையும் அந்த இடத்திலேயே சேர்த்துவிடலாம், தண்ணீரில்லாமல் சுருள் அளவுக்கு மீறிச் சூடாகும்.

வேகத்தைத் திருகி ஏற்றும் புது வகையில் இந்தச் சுருளே கிடையாது, மின்னோட்டத்தை வேகமாக விட்டுவிட்டுத் தரும் பலகை இருக்கும். அதற்குப் பாடநூலில் ‘துடிப்பு அகலப் பண்பேற்றம்’. கையேட்டில் ‘கட்டுப்பாட்டுப் பலகை’ என்றால் போதும், பண்பேற்றத்தைப் படகில் ஏற்ற வேண்டாம்.

> பிரஷ், கம்யூட்டேட்டர், ஆர்மேச்சர் இவற்றுக்குத் தூரிகை, திசைமாற்றி, மின்னகம் என்று போடலாமா?

பள்ளிப் பாடத்துக்குச் சரி. பழுதுபார்க்கும் இடத்தில் தூரிகை என்றால் யாருக்கும் கை நகராது, சுழலும் பகுதியை உரசிக்கொண்டு மின்சாரம் கொடுக்கும் அந்தத் துண்டு அங்கே ‘கார்பன்’. ‘கார்பன் தேய்ந்துவிட்டது’ என்று சொல்லிப் பாருங்கள், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். இருக்கிற சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதற்கு இந்தக் கையேடு இடமில்லை என்பது என் கருத்து, கட்சி மாறுகிறேன் என்று திட்டினாலும் பரவாயில்லை.

ஆயில் சீல் (தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் வளையம்) மட்டும் விதிவிலக்கு. அந்தப் பெயரே இங்கே வழிமாற்றுகிறது. எண்ணெய் வெளியே வராமல் காப்பது இங்கே அதன் முக்கிய வேலையே அல்ல, தண்ணீர் உள்ளே போகாமல் காக்கவேண்டும். ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டால் அது சீலின் உதட்டை அறுக்கும், தண்ணீர் உள்ளே போகும், கார்பனும் காந்தமும் பேரிங்கும் துருவோடு கலந்த கறுப்புச் சேறாகிவிடும். மோட்டார் ‘கரகர’ என்று முனகுகிறது என்று வரும் புகார்களில் இதையும், காந்தம் விரிசல் விட்டிருப்பதையும் பார்க்கவேண்டும். ஆகவே ‘நீர்க்காப்பு வளையம்’. கொஞ்சம் நீளம்தான். ஆனால் ‘விசிறியைக் கழற்றி நரம்பை எடுக்காவிட்டால் நீர்க்காப்பு வளையம் அறுபடும்’ என்ற வாக்கியம் எதற்காகக் கழற்றச் சொல்கிறோம் என்பதையும் விளக்கிவிடுகிறது.

வோல்டேஜ் டிராப்புக்கு ‘மின்னழுத்த வீழ்ச்சி’ இருக்கிறது, மாற்றவேண்டாம். அதோடு ஒரு கணக்கைச் சேருங்கள். துருப்பிடித்த ஒரு இணைப்பில் 0.02 ஓம் தடைதான் என்று வைத்துக்கொண்டாலும், 50 ஆம்பியர் ஓடும்போது அங்கே ஒரு வோல்ட் போய்விடும், 50 வாட் வெப்பமாக மாறும். மோட்டார் வலுவில்லாமல் ஓடுவதற்கும் பிளக் உருகுவதற்கும் இதுவே பல சமயம் காரணம். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் ஈய அமில பேட்டரி ஓட்டத்தில் என்ன காட்டுகிறது என்று பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது.

மீட்டரே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனையும் சேர்க்கவேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் இரண்டு வயரையும் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து பிரித்து, விசிறியைக் கையால் சுற்றுங்கள். பிறகு இரண்டு வயரையும் ஒன்றாகத் தொடவைத்துச் சுற்றுங்கள். இப்போது நன்றாகக் கனக்கவேண்டும், ஏனென்றால் மோட்டார் ஜெனரேட்டராகித் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. இரண்டு தடவையும் லேசாகவே சுற்றினால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது, பெரும்பாலும் கார்பன். இரண்டு தடவையும் கனத்தால் பேரிங், காந்தம் அல்லது உள்ளே ஷார்ட். இதற்கு ‘கைச்சுழற்சிச் சோதனை’ என்று பெயர் வைத்திருக்கிறேன், இதைவிடச் சுருக்கமாக வந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக, தீராத ஒன்று. விசிறி நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருந்தால் மேலேயிருந்து காற்றை இழுத்துக்கொள்ளும், சத்தம் வரும், உந்துவிசை வராது. மோட்டாரை ஓர் அடியாவது ஆழத்துக்கு இறக்கினால் தீர்ந்தது. இதைச் சிலர் ‘குழிவாதல்’ என்று எழுதுகிறார்கள், அது வேறு. அழுத்தம் குறைந்து நீரே ஆவியாகிக் குமிழிடுவதற்குத்தான் அந்தச் சொல். ‘காற்றுவாங்கல்’ என்று நானே எழுதிவிட்டு அழித்தேன், மோட்டார் சாயங்காலம் உலாவப் போனது போல இருக்கிறது. ‘காற்றிழுப்பு’ சரிப்படுமா? மறுப்பு வராவிட்டால் முறிபின், தடைச்சுருள், நீர்க்காப்பு வளையம் மூன்றையும் இந்த வாரமே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன், இதை மட்டும் கேள்விக்குறியோடு விட்டுவைக்கிறேன்.