மில்டன் புயல் வருகிறது: நியூ டாம்பாவில் இருக்கலாமா, கிளம்பலாமா?

வேதாரண்யத்தான் (செவ்வாய், அக்டோபர் 8, 2024, காலை 7.10)

ஒரே ஒரு கேள்விதான், ஆனால் கொஞ்சம் நீட்டித்தான் கேட்க முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது ஃப்ளோரிடாவில் நியூ டாம்பா. மெக்சிகோ வளைகுடாக் கரையிலிருந்து சுமார் 25 மைல் உள்ளே. 2006-ல் கட்டிய மாடி வீடு. கீழ்த்தளம் கான்கிரீட் பிளாக், மேலே மரச்சட்டம். வீட்டில் நான், மனைவி, ஆறு வயது மகள், ஆகஸ்டில் ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மா. அம்மா தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்.

நேற்று மதியம் மில்டன் உச்சமான ஐந்தாம் வகைக்குப் போனது. ராத்திரி மணிக்கு 180 மைல் வேகம் என்றார்கள். இன்று காலை எழுந்து பார்த்தால் 155 மைல், நான்காம் வகை. குறைந்துவிட்டது என்று மனைவிக்குக் கொஞ்சம் நிம்மதி. எனக்கு இல்லை. நாளை ராத்திரி டாம்பா விரிகுடாப் பக்கம் கரையைக் கடக்குமாம், கடல் 10 முதல் 15 அடி வரை ஏறலாமாம்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் நேற்று மாலை 6 மணிக்கு அட்லாண்டாவுக்குக் கிளம்பினார். நடுராத்திரிக்கு ஓகாலாவில் நிற்பதாகச் செய்தி அனுப்பினார். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேர வழி. எங்கள் பக்கம் நான்கு பெட்ரோல் பங்குகளில் மூன்றில் பெட்ரோல் தீர்ந்து பம்புக்கு மஞ்சள் பை மாட்டிவிட்டார்கள். என் வண்டியில் அரை டேங்க் இருக்கிறது. விமான நிலையமும் இன்று 9 மணியோடு மூடல்.

அப்பா ஒருவர்தான் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார். 2018-ல் கஜா எங்கள் ஊர்ப் பக்கம் கடந்தபோது வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர். நூற்றுச் சொச்சம் தென்னை போனது, ஒரு மாதம் கரண்ட் இல்லை. "கஜாவையே பாத்தாச்சு, இது என்ன பெரிசா?" என்கிறார். அங்கே 120, 130 கிலோமீட்டர் காற்று, இங்கே 155 மைல் என்றால் 250 கிலோமீட்டர் அப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டீ கேட்டார்.

கவுண்டி இணையதளத்தில் முகவரி போட்டுப் பார்த்தேன். ஏ முதல் ஈ வரை எந்த வெளியேற்ற மண்டலத்திலும் எங்கள் வீடு இல்லை. இருப்பதா, கிளம்புவதா? இருந்தால் இந்த 36 மணி நேரத்தில் என்ன செய்வது?

---

ஷோர் ஏக்கர்ஸ் அக்கா (காலை 8.05)

தம்பி, முதலில் அந்த வகை எண்ணைப் பார்ப்பதை விடுங்கள். அது காற்றுக்குப் போட்ட மார்க். தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

நான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், விரிகுடாவை ஒட்டி, முதலில் வெளியேற வேண்டிய ஏ மண்டலத்தில் இருக்கிறேன். செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் எங்களைத் தொடவே இல்லை. நூறு மைலுக்கு மேல் தள்ளி கடலிலேயே வடக்கே போய் பெர்ரி பக்கம் கரை ஏறியது. எங்கள் தெருவில் காற்று ஒரு பெரிய மழைக்காற்று அளவுதான். அதை நம்பித்தான் அன்றைக்கு இருந்தோம். ராத்திரி பத்தரைக்கு முதலில் குளியலறைச் சாக்கடையில் குபுகுபுவென்று சத்தம். அப்புறம் கதவுக்கு அடியில். ஒரு மணி நேரத்தில் இடுப்பளவு. கிச்சன் மேடையில் ஏறி உட்கார்ந்து விடிய விடியக் கழித்தோம். பிரிட்ஜ் மிதந்து போய் ஹாலில் நின்றது. அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

இரண்டு வாரம் ஆகப் போகிறது. எங்கள் தெரு முழுக்க சோபாவும் மெத்தையும் பெயர்த்துப் போட்ட சுவர்ப் பலகையும் வாசலில் குவிந்து கிடக்கிறது. நாளைக்கு அதெல்லாம் யார் வீட்டு ஜன்னலைத் தேடிப் போகுமோ.

"டாம்பா பக்கம் எதுவும் வராது, கடைசி நேரத்தில் திரும்பிவிடும்" என்று இங்கே ஒரு பழைய நம்பிக்கை. 2004-ல் சார்லி அப்படித்தான் திரும்பி புன்டா கோர்டாவுக்குப் போனது. புன்டா கோர்டாக்காரர்களைக் கேட்டால் தெரியும், அது எவ்வளவு நல்ல செய்தி என்று.

நாங்கள் கிளம்புகிறோம். எங்கே என்றுதான் தெரியவில்லை. ஆர்லாண்டோவில் அறை இல்லை, இருக்கிற ஒன்றிரண்டில் பூனையை விடமாட்டார்களாம். உங்கள் வீடு மண்டலத்துக்கு வெளியே என்றால் சாலையில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

---

ஹூஸ்டன் பழசு (காலை 9.30)

அக்கா சொன்னதுதான் முழு விஷயமும். தண்ணீர் வந்தால் ஓட வேண்டும், காற்று வந்தால் ஒளிய வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். 2005-ல் ரீட்டா வந்தபோது ஹூஸ்டனே காலியானது. ஓட வேண்டிய அவசியம் இல்லாதவர்களும் சேர்ந்து ஓடினோம், நானும் ஓடினேன். வெயிலில், ஏசியை அணைத்துக்கொண்டு, 18 மணி நேரத்தில் 60 மைல். அந்த ஓட்டத்தில் மட்டும் ஏறக்குறைய நூறு பேர் இறந்தார்கள். 2017-ல் ஹார்வி கரையைக் கடந்தது 150 மைலுக்கு மேல் தள்ளி. எங்களை மூழ்கடித்தது அதன் மழை, காற்று அல்ல. இந்த ஜூலையில் பெரில். முதல் வகை, அற்பம் என்றோம். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. எனக்கு எட்டு நாள் இல்லை. அந்த எண் எனக்கு ஒரு தடவைகூட சரியாக வழி காட்டியதில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவோம். கடல் உங்களிடம் வராது. ஆனால் வெளியேற்ற மண்டலம் வேறு, வெள்ள மண்டலம் வேறு. முதலாவது கடலேற்றத்துக்கு, இரண்டாவது மழைக்கும் ஆற்றுக்கும் காப்பீட்டுக்கும். அதையும் பார்த்துவிடுங்கள். ஹில்ஸ்பரோ ஆறு உங்கள் பக்கத்தில்தான் ஓடுகிறது, புயல் போன பிறகுதான் அது ஏறும். வெள்ளக் காப்பீடு இல்லை என்றால் இப்போது எடுத்துப் பயனில்லை, வழக்கமாக 30 நாள் காத்திருக்க வேண்டும். வீட்டுக் காப்பீட்டில் ஹரிக்கேனுக்கென்று தனியாக ஒரு கழிவு (டிடக்டிபிள்) இருக்கும், பெரும்பாலும் வீட்டு மதிப்பில் 2 சதவீதம். 4 லட்சம் டாலர் வீடு என்றால் முதல் 8 ஆயிரம் உங்கள் கையிலிருந்து. இன்றைக்கே ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

காற்று. 1992-ல் ஆண்ட்ரூ அடித்துப் போட்ட பிறகுதான் ஃப்ளோரிடா முழுக்கப் புது கட்டட விதி வந்தது, 2002-ல். உங்கள் வீடு 2006. அது பெரிய ஆறுதல். பலவீனமான இடம் கராஜ் கதவு. அது உள்ளே மடங்கினால் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். தாங்குகட்டை வைத்திருந்தால் மாட்டுங்கள். ஜன்னலுக்கு டேப் ஒட்டுவதில் ஒரு பயனும் இல்லை, பிறகு சுரண்டுகிற வேலைதான் மிச்சம். ஷட்டர் இல்லாவிட்டால் பிளைவுட். உள்கதவுகள் எல்லாவற்றையும் சாத்திவிட்டுப் படுங்கள், கூரை மேல் அழுத்தம் குறையும். உங்கள் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்கு.

கரையேறும் முன்பே வெளி வளையங்களில் சுழல்காற்றுகள் (டொர்னாடோ) கிளம்பும், ஃப்ளோரிடாவின் அந்தப் பக்கக் கிழக்குக் கரை வரைக்கும்கூட. ஜன்னல் இல்லாத ஓர் இடத்தைக் கீழ்த்தளத்தில் இப்போதே காலி செய்து வையுங்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரி அறை போதும். எல்லோருக்கும் ஷூ, குழந்தைக்கு சைக்கிள் ஹெல்மெட். சிரிக்காதீர்கள்.

கடைசியாக, புயல் போகும் கோடு எங்கே விழுகிறது என்பது. இந்தப் பாதியுருண்டையில் புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். மில்டன் மேற்கிலிருந்து உள்ளே வருகிறது. புயலின் கண்ணுக்குத் தெற்கே இருக்கும் கரையில் காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வரும், வடக்கே இருக்கும் கரையில் கடலை உறிஞ்சிக்கொண்டு போகும். டாம்பாவுக்குக் கொஞ்சம் வடக்கே கடந்தால் விரிகுடா நிரம்பும், கொஞ்சம் தெற்கே கடந்தால் வற்றும். 2017-ல் இர்மா வந்தபோது விரிகுடாவின் தரை தெரிந்தது, ஆட்கள் இறங்கி நடந்தார்கள். நீங்கள் இறங்காதீர்கள், அந்தத் தண்ணீர் திரும்பி வரும்.

---

மாவு டப்பா (காலை 10.15)

நான் சின்ன விஷயங்கள் மட்டும். இட்லி மாவு இருந்தால் இன்றைக்கே மொத்தமும் ஊற்றிவிடுங்கள், நாளை மறுநாள் அது புளித்து வெடிக்கும். ஜிப் பைகளில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் அடுக்குங்கள். முதலில் ஐஸ், அப்புறம் குடிதண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஒரு வாரத்துக்கு. குளியல் தொட்டியில் நிரப்புவது கக்கூஸுக்கு. புது இன்சுலினைப் பழையதோடு சேர்க்காமல் ஐஸ் பெட்டியில் தனியாக வையுங்கள், ஐஸில் நேராகப் படாமல். உறையவிட்டால் போச்சு. திறந்தது அறைச் சூட்டில் பெரும்பாலும் 28 நாள் தாங்கும், மருந்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தால் கராஜில் ஓட்டவே ஓட்டாதீர்கள், வீட்டிலிருந்து இருபதடி தள்ளி வையுங்கள்.

---

வேதாரண்யத்தான் (மாலை 4.40)

இருப்பது என்று முடிவு. அக்கா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். 35 மைல்தானே, வாருங்கள். மாடி அறை காலி. பூனையும் வரலாம், மகள் இப்போதே பெயர் கேட்கிறாள்.

பழசு, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தெற்கே கடல் ஏறும் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "நம்ம ஊர்ல கண்ணுக்கு வடக்கதான் கடல் உள்ள வரும்?" என்றார். மளிகைக்கடை விளம்பரத் தாளின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, அப்புறம் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். நமக்குக் கடல் கிழக்கே, இவர்களுக்கு மேற்கே. சுழற்சி அதேதான், கரைதான் மாறிப்போச்சு. அதற்குப் பிறகு கஜாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் கராஜ் கதவுக்குக் கட்டை பிடிக்க வந்துவிட்டார். எழுபத்தோரு வயது. திருப்புளி கேட்டு என்னை அதட்டுகிறார்.

---

வேதாரண்யத்தான் (ஞாயிறு, அக்டோபர் 13, பகல் 11.20)

இன்று காலைதான் கரண்ட் வந்தது. எல்லோரும் நலம்.

நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதன் ராத்திரி எட்டரைக்கு சியெஸ்டா கீயில் கரையைக் கடந்தது. மூன்றாம் வகை, 120 மைல். டாம்பாவுக்குத் தெற்கே. பழசு சொன்னபடி விரிகுடா வற்றியது, கடல் சாரசோட்டா, வெனிஸ் பக்கம் ஏறியது. அக்கா டார்ச் வெளிச்சத்தில் போனில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சேறு தெரியும் விரிகுடா. சந்தோஷப்படுவதா என்று தெரியாத முகம். சாரசோட்டாவில் அவருடைய தோழி இருக்கிறார், நலம் என்று மறுநாள்தான் தெரிந்தது.

ஆனால் மழை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல். அக்கா தெருவில் இந்த முறை கடல் இல்லை, மழைத் தண்ணீர் முழங்கால் வரை. இடிக்க வேண்டியதை ஹெலீன் இடித்துவிட்டதால் வீட்டுக்குள் புதிதாகக் கெட ஒன்றும் இல்லை என்று அவர் கணவர் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அங்கே பேஸ்பால் மைதானத்தின் துணிக்கூரை கிழிந்து தொங்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

புயல் இன்னும் எட்டாத அந்தப் பக்கக் கரையில், செயின்ட் லூசி கவுண்டியில், புதன் பிற்பகலே சுழல்காற்று வந்து முதியோர் குடியிருப்பு ஒன்றில் ஆறு பேர் போய்விட்டார்கள். ஹெல்மெட்டுக்குச் சிரித்தவன் நான்தான்.

எங்கள் சேதம்: வேலி இரண்டு பக்கம் சாய்ந்தது, பக்கத்து வீட்டு ஓக் மரம் எங்கள் நுழைவழியில் படுத்திருக்கிறது. ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை மாடியில் மரச்சட்டம் முனகிய சத்தம் இருக்கிறதே, அதை எழுதத் தெரியவில்லை. ஏழு பேரும் பூனையும் கீழே படுத்திருந்தோம். அப்பா மட்டும் விழித்துக்கொண்டு "காத்து திரும்பிடுச்சு" என்று திசையைச் சொல்லிக்கொண்டே இருந்தார், சரியாகவே சொன்னார்.

ஹில்ஸ்பரோ ஆறு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் வரவில்லை, ஆனால் ஆற்றோரத்தில் இருப்பவர்கள் இன்றைக்கும் கவனமாக இருங்கள்.

ஒரு உதவி. மரம் அறுக்கும் மெஷின் யாரிடமாவது இருந்தால் செவ்வாய் வரை இரவல் வேண்டும். கடையில் தீர்ந்துவிட்டது. கூப்பிட்ட ஆள் ஒரு மரத்துக்கு 2,500 டாலர் கேட்கிறார். அப்பா கோடாலி வாங்கிக் கொடு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அவர் ஆரம்பிப்பதற்குள் யாராவது பதில் போடுங்கள்.