கட்டிப்போடாமல் குளம்பு சீவ வழி சொல்லுங்கள்

போன ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் ஒரு கத்தியவாரி இனப் பெண்குதிரை வாங்கினேன். 7 வயது. முன்பு கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டியவர்கள் அடித்தே பழக்கியிருக்கிறார்கள். மூக்குத்தண்டில் கயிறு அறுத்த இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. கையைத் தூக்கினாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கும்.

தினமும் சாயங்காலம் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, குதிரைக்கு முதுகு காட்டி அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து அதுவாகவே வந்து என் தோளில் மூச்சு விட்டது. அழுதுவிட்டேன். இப்போது கையிலிருந்து ஊறவைத்த கொள்ளு தின்கிறது, கழுத்தைத் தடவ விடுகிறது.

ஆனால் முழங்காலுக்குக் கீழே கை போனால் காது பின்னால் மடங்கிவிடுகிறது, அப்புறம் உதைதான். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும், தள்ளிப்போட முடியாது. லாடம் அடிப்பவர் காலைக் கட்டிச் செய்யலாம் என்கிறார். எனக்கு மனசே வரவில்லை.

கட்டாமல் பழக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கே தொட்டுத் தொடங்கினீர்கள்?