பொருள்: ஹார்மோன் இம்பேலன்ஸ் – சமநிலையின்மையா, சீரின்மையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பொதுமக்கள் கையேட்டில் ‘ஹார்மோன் இம்பேலன்ஸ்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? ‘ஹார்மோன் சமநிலையின்மை’ என்று எழுதிப் பழகிவிட்டோம். கேட்டதும் தராசுதான் கண்முன் வருகிறது: ஒரு தட்டு தாழ்ந்தால் மறுதட்டில் கொஞ்சம் வைத்தால் போதும் என்று. உடம்பில் நடப்பது அதுவல்ல. தைராய்டு சுரப்பியின் ஹார்மோனான தைராக்சின் குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்.சைக் கூட்டிச் சுரக்கிறது. வழக்கமாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டிய டி.எஸ்.எச். 12 என்று வந்தால் ‘தைராய்டு அதிகம்’ என்று படித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது குறைவு. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாம் அந்தக் குறைவின் வேலை.

நேரமும் உண்டு. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். காலை 8 மணி இரத்தத்தையும் மாலை 4 மணி இரத்தத்தையும் ஒப்பிட்டுப் பயனில்லை. ‘சீர்’ என்றால் அளவும் அடங்கும், காலமும் அடங்கும். ஹார்மோனுக்கு ‘இயக்குநீர்’ என்ற சொல்லும் இருக்கிறது. எனவே என் முன்மொழிவு: இயக்குநீர்ச் சீரின்மை.

மறுமொழி 1

> இயக்குநீர்ச் சீரின்மை

சீரின்மை சரி, இயக்குநீர்தான் இடிக்கிறது. 1905இல் ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்னும் பெயரை எடுத்தது ‘தூண்டு, இயக்கு’ என்னும் கிரேக்க வினையிலிருந்து. அந்தப் பாதியில் குறையில்லை. ‘நீர்’ என்றதும் உமிழ்நீர், பித்தநீர் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அவை நாளம் என்னும் குழாய் வழியே வடிபவை. இதுவோ நாளமில்லாச் சுரப்பியிலிருந்து நேரே இரத்தத்தில் கலப்பது. பாடநூலில் இயக்குநீர் இருக்கட்டும், பொதுமக்கள் கையேட்டில் ஹார்மோனே போதும். ‘சீர்குலைவு’ வேண்டாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதைச் சட்டம் ஒழுங்குக்குத் தாரை வார்த்தாயிற்று.

மறுமொழி 2

தலைப்புக்கு எதை வைத்தாலும் அதோடு நின்றுவிடாதீர்கள். ‘ஹார்மோன் சீரின்மை’ என்பது தனி நோயல்ல. குறைசுரப்பு, மிகைசுரப்பு இரண்டும் வழக்கில் நிலைத்துவிட்டன. தொல்லை மூன்றாவது வகையில்: சுரப்பு தாராளம், செல் கேட்பதில்லை. ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்கிறோம். ‘நோயெதிர்ப்பு’ போல அது ஏதோ நல்ல சங்கதியாக ஒலிக்கிறது. ஹார்மோன் வந்து ஒட்டும் செல்லின் பகுதிக்கு ‘ஏற்பி’ என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் ‘இன்சுலின் ஏற்புக்குறைவு’ எனலாமே?

மறுமொழி 3

> ஏற்புக்குறைவு

பழுது ஏற்பியில் என்று ஆகிவிடும், ஐயா. பெரும்பாலும் இன்சுலின் ஏற்பியில் ஒட்டத்தான் செய்கிறது. அதன்பின் செல்லுக்குள் செய்தி நகர்வதில்தான் தடங்கல். ‘மசியாமை’ எப்படி? தசைச்செல் இன்சுலினுக்கு மசிவதில்லை; கணையம் மேலும் மேலும் சுரந்து மசியவைக்கப் பார்க்கிறது. அதனால் ஆண்டுக்கணக்கில் சர்க்கரை அளவு சரியாகவே தெரியலாம். சிலருக்குப் பின்கழுத்தும் அக்குளும் கறுத்து, தோல் வெல்வெட் போலத் தடிப்பதுதான் வெளியே தெரியும் அடையாளம்.

ஒன்று: ‘கு’ உருபை விழுங்காதீர்கள். ‘இன்சுலின் மசியாமை’ என்றால் மசியாதது இன்சுலின் என்றாகிவிடும். ‘இன்சுலினுக்கு மசியாமை’ நீளம்தான், ஆனால் குழப்பமில்லை.

மறுமொழி 4

ஹார்மோனையும் மசியாமையையும் ஏற்கிறேன். கையேட்டு வரி இப்படி:

“ஹார்மோன் சீரின்மை பல விதம்: குறைசுரப்பு, மிகைசுரப்பு, காலந்தப்பிய சுரப்பு, ஹார்மோனுக்குச் செல் மசியாமை. முடிக்காகப் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடவும்; குறைந்தது 2 நாள் நிறுத்தாவிட்டால் அளவுகள் பொய்யாக வரக்கூடும். தைராக்சின் மருந்தளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே டி.எஸ்.எச். பார்க்கவும், அதற்குள் அது புதிய அளவில் நிலைகொள்ளாது.”

தைராக்சின் குறைவதற்கேற்ப பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டுவதைச் சொல்லும் ‘ஃபீட்பேக்’ இதில் எங்கும் வராமல் தப்பித்திருக்கிறேன். ‘பின்னூட்டம்’ என்று போட்டால் பிட்யூட்டரி ஏதோ கருத்து எழுதுகிறது என்று நினைப்பார்கள். வேறு சொல் இருந்தால் தாருங்கள்.