போரோமிர் வந்த வழி ஏன் மூடியது?

கேள்வி: 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் மலைகளுக்கு இடையிலான ரோஹன் இடைவெளி வழியாகவே எல்ஃப்களின் ரிவெண்டெலுக்கு வந்து சேர்ந்த வீரர் போரோமிர் உடனிருந்தும், மந்திர மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட ஒன்பது பேரும் அந்தத் தாழ்நிலத்தை விட்டுவிட்டு கராத்ராஸ் பனிமலையில் ஏறித் தவித்தது ஏன்? வரைபடத்தை எத்தனை முறை விரித்துப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை.

பதில் 1: வரைபடத்தோடு நூலின் பின்னிணைப்பிலுள்ள கால அட்டவணையையும் பாருங்கள். போரோமிர் ஜூலை 4 அன்று புறப்பட்டார். ஒன்பது பேரில் ஒருவரான மந்திரவாதி கண்டால்ஃப், மற்றொரு மந்திரவாதியான சருமானின் ஐசன்கார்ட் கோட்டையிலுள்ள ஆர்த்தாங் கோபுரத்தில் சிறைப்பட்டதோ ஜூலை 10. ரோஹன் இடைவெளியின் வாயிலிலேயே ஐசன்கார்ட் இருப்பதால், சருமானின் துரோகம் அம்பலமான பிறகு மோதிரத்தை அவ்வழியே கொண்டுபோவது தானாக வலையில் விழுவதாகும்.

பதில் 2: போரோமிரின் பயணமும் சுகமானதன்று, தார்பாத் ஆற்றுத்துறையில் குதிரையை இழந்தார்.

கேள்வி கேட்டவர்: ஆறு நாள் வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை. நன்றி.