கிராஸ்டேட்டிங்: 'குறுக்குக் காலக்கணிப்பு' சரிவருமா?

வணக்கம். வனவியல் மாணவர்களுக்கான சொற்பட்டியலில் கிராஸ்டேட்டிங் என்பதற்குக் 'குறுக்குக் காலக்கணிப்பு' என்று இட்டிருக்கிறோம். பல மரங்களின் வளைய வரிசைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளையத்துக்கும் உரிய ஆண்டை உறுதிசெய்யும் முறை இது. வேறு நல்ல சொல் உண்டா?

> குறுக்குக் காலக்கணிப்பு

வேண்டாம் ஐயா. வளையம் பார்ப்பவருக்குக் 'குறுக்கு' என்றதும் குறுக்குவெட்டுதான் தோன்றும். மரத்தை அறுத்து எண்ணுவது என்றே படிப்பார். வெறுமனே எண்ணினால் பிழை வரும் என்பதால்தானே இந்த முறையே வந்தது! கடும் வறட்சி ஆண்டில் தண்டின் ஒரு பக்கத்தில் வளையம் விழாமலே போகும். வளர்பருவத்தின் நடுவே காய்ந்து மறுபடி மழை பெய்தால் ஓராண்டுக்கு இரண்டு வளையம்போலத் தெரியும். 'வளையப் பொருத்தம்' என்று வைக்கலாம். சோதிடர் வீட்டு வாடை கொஞ்சம் அடிக்கும்தான்.

> வளையப் பொருத்தம்

வாடை இருக்கட்டும், ஆண்டு எங்கே? ஆண்டு தெரியாமலும் வரிசைகள் பொருந்தும். அமெரிக்காவின் அரிசோனாவில் மரவளைய ஆய்வாளர் டக்ளஸ், பழைய குடியிருப்புகளின் உத்தரங்களைக் கொண்டு 585 ஆண்டு வரிசை ஒன்றைக் கட்டினார். அவை தமக்குள் பொருந்தின. உயிர்மரங்களின் வரிசையோடு மட்டும் சேரவில்லை. 1929இல் ஷோ லோ ஊரில் எச்எச்-39 என்ற கரிந்த உத்தரம் கிடைத்த பிறகே இரண்டு வரிசைகளுக்கும் நடுவிலிருந்த இடைவெளி அடைபட்டது. ஆகவே ஒப்பிடும் வேலைக்கு 'வளையப் பொருத்தம்', அதன்வழி ஆண்டு குறிப்பதற்குப் 'பொருத்திக் காலமிடல்'. கிராஸ்டேட்டிங்குக்கு நேரானது இரண்டாவதுதான்.

ஆய்வகக் குறிப்பில் வைத்துப் பார்த்தேன், இடறவில்லை:

"மார்பளவு உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், மலைச்சரிவின் ஏற்ற இறக்கப் பக்கங்களைத் தவிர்த்து, மரத்துக்கு இரண்டு துளைமாதிரி (துளைகருவியால் எடுக்கும் மெல்லிய மரக்குச்சி) எடுக்கவும். காய்ந்தபின் நார் நெட்டுக்குத்தாக நிற்கும்படி பள்ளமிட்ட சட்டத்தில் ஒட்டி, 80ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 400க்கு மேல் வரை படிப்படியாகத் தேய்க்கவும். நார் படுத்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் வளைய எல்லை தெளியாது. அக்கம்பக்கத்து வளையங்களைவிடக் குறுகியவற்றைக் கட்டத்தாளில் கோடாக இடவும்; குறுகக் குறுகக் கோடு நீளும். தாள்களை நகர்த்தி வளையப் பொருத்தம் பார்க்கவும். ஓரிடத்துக்கு அப்பால் எல்லாக் கோடும் ஓராண்டு தள்ளியே நின்றால், அங்கே ஒரு வளையம் விழவில்லை, அல்லது போலி வளையம் எண்ணப்பட்டிருக்கிறது. வளைய அளவுகளை ஒப்பிடும் கொஃபீச்சா என்ற கணினி நிரல் பிறகுதான். அது 50 ஆண்டுத் துண்டுகளை 25 ஆண்டு நகர்த்தி ஒப்பிட்டுச் சந்தேகத்தைக் காட்டும், அவ்வளவே. நுண்ணோக்கியில் மரத்தைத் திரும்பப் பாராமல் வளையம் சேர்க்கக் கூடாது."

இன்னொன்று. பட்டியலில் 'விடுபட்ட வளையம்' என்றிருக்கிறது. அது எண்ணியவர் விட்டதுபோல ஒலிக்கிறது. 'விழா வளையம்' என்றால் திருவிழா ஆகிவிடும். 'விழாத வளையம்' என்றே எழுதுங்கள். 'போலி வளையம்' இருக்கலாம். ஊசியிலை மரத்தில் மெய் வளையம் பட்டைப் பக்கம் சட்டென்று முடியும், போலியோ இருபுறமும் மங்கிக் கரையும். தேக்கில் பருவத் தொடக்கப் பெருந்துளை வரிசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இருந்தால் மெய் வளையம்.

> விழாத வளையம்

நன்றி, மூன்றையும் மாற்றிவிட்டேன். அந்தக் கட்டத்தாள் படத்துக்கு 'எலும்புக்கூட்டு வரைபடம்' என்று கிடக்கிறது. 'குறுவளையக் கோட்டுப்படம்' என்றால் யாருக்காவது மறுப்பு உண்டா?