லோசார்ட்டன் தொடங்கினதும் கிரியாட்டினின் ஏறுது, நிப்பாட்டலாமா? எங்கட வீட்டில நடந்தது

வெள்ளவத்தையில இருக்கிறம். அப்பாக்கு 68, கனகாலத்து சுகர், அதால கிட்னியும் பாதிச்சு, கிட்னி வேலை குறைஞ்சா ரத்தத்தில ஏறுற கிரியாட்டினின் 1.8, பிரஷர் எப்ப பாத்தாலும் 160க்கு மேல. டொக்டர் பிரஷருக்கு லோசார்ட்டன் குளிசை எழுதித் தந்து ரெண்டு கிழமையால ரத்தம் பாக்கச் சொன்னவர். ரிப்போட்டில 2.1! மச்சாள் பாத்திட்டு "குளிசைதான் கிட்னிய அரிக்குது" எண்டு சொல்ல, நாங்களும் பயந்துபோய் ஒருத்தரிட்டயும் கேக்காம நிப்பாட்டிட்டம்.

அடுத்த கிளினிக்கில நல்ல ஏச்சு. இந்தக் குளிசை கிட்னி வடிகட்டுற இடத்தில இருக்கிற அமுக்கத்தைக் குறைக்கிறதால தொடக்கத்தில கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுமாம், 30 வீதத்துக்குள்ள எண்டா விடத் தேவையில்லையாம், அதுக்கு மேல போனாலோ பொட்டாசியம் கூடினாலோ உடன வரட்டாம். பிறகு "வேற என்ன குளிசை போடுறீங்க ஐயா?" எண்டு கேக்க, அப்பா மெல்லமா சட்டைப் பொக்கற்றுக்குள்ளால ஒரு டிக்ளோஃபெனாக் அட்டையை எடுத்து மேசையில வச்சார். முழங்கால் நோவுக்கு டொக்டரின்ட துண்டு இல்லாம பார்மசியில வாங்கி மாசக்கணக்கா போட்டிருக்கிறார், அம்மாக்கே தெரியாது! அது பிரஷரையும் ஏத்தும், கிட்னியையும் கெடுக்கும். அதை விட்டு, லோசார்ட்டனைத் திரும்பத் தொடங்கி, கருவாட்டையும் ஊறுகாயையும் நிப்பாட்டி, மூண்டு மாசத்தில 132/78. கருவாட்டுக்காக மட்டும் அப்பாக்கு இண்டைக்கும் என்னோட கோவம்.

கொட்டாஞ்சேனையில இருந்து: எங்க அம்மாவுக்கும் இதே குளிசைதான். உப்பைக் குறைக்கச் சொன்னாங்கன்னு தம்பி "சோடியம் குறைஞ்ச உப்பு" ஒரு பக்கெட் வாங்கிட்டு வந்தான், அதோட அம்மா தினமும் ஒரு தம்பிலி (செவ்விளநீர்) வேற. பொட்டாசியம் 5.9க்கு ஏறிடுச்சு. அந்த உப்புல சோடியத்துக்குப் பதிலா இருக்கிறதே பொட்டாசியம்தான்னு வார்ட்டுல வச்சுத்தான் தெரிஞ்சுது.

தெஹிவளையில இருந்து: 100ஆம் நம்பர் பஸ்ஸில நிண்டுகொண்டு போய் படியேறின கையோட பாத்தா எனக்கு பிரஷர் 170 காட்டும். வீட்டில அஞ்சு நிமிசம் கதைக்காம இருந்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு வச்சு, ஒரு கிழமை காலையும் பின்னேரமும் பாத்துக் கொப்பியில எழுதிக் கொண்டுபோனன். அதைப் பாத்திட்டு டொக்டர் டோஸைக் கூட்டேல்ல. அது சரி, அப்பான்ட முழங்காலுக்கு இப்ப என்ன?

முதல்ல எழுதினவர்: பரசிட்டமோல், டொக்டர் சொன்ன அளவுக்கு. மிச்சத்துக்கு பூசுற சித்தாலேப. சட்டை தோய்க்க முதல் பொக்கற்றை ஒருக்கா தடவிப் பாக்கிறனான்.